பேட்டன் பாடிய ஊர்கள்

மிசிசிப்பி மாநிலத்தின் கிளார்க்ஸ்டேலில் இரண்டு சாலைகள் கூடும் இடத்தில் கம்பம் நட்டு, உச்சியில் மூன்று நீலக் கிதார்களை மாட்டிவைத்திருக்கிறார்கள். கூடவே 61, 49 என்று நெடுஞ்சாலை எண்கள். ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் பிசாசிடம் தன் ஆன்மாவைக் கொடுத்துக் கிதார் வித்தையை வாங்கிவந்தாரே, அந்தச் சந்தி இதுதானாம். சாலைகளின் தடம் அதற்குப் பிறகு மாறிவிட்டது, அந்தக் காலத்துச் சந்திப்பு வேறெங்கோ இருந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வருகிறவர்கள் எல்லோரும் இங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு இந்தப் பிசாசுக் கதை எப்போதுமே பிடித்ததில்லை. இருபது வயதுக் கறுப்பின இளைஞன் ஒருவன் ஊர் ஊராகப் போய் மூத்தவர்கள் வாசிப்பதை உட்கார்ந்து கேட்டான், விரல் தேயப் பழகினான் என்று சொன்னால் சுவை குறைந்துவிடுகிறது. நரகத்திலிருந்து வந்தது என்றால் டிக்கெட் விற்கிறது. ஜான்சனுக்கு கிரீன்வுட் சுற்றுவட்டாரத்தில் மூன்று இடங்களில் நினைவுக்கல் இருக்கிறது. அவர் யார் யாரைக் கேட்டு வளர்ந்தாரோ அந்த வரிசையின் தலைமாட்டில் நிற்கிற சார்லி பேட்டனுக்கு ஒரே ஒரு கல். அதுவும் 1934இல் செத்தவருக்கு 1990இல்தான் வைத்தார்கள். நான் மிசிசிப்பிக்கு வந்தது அவருக்காக. கையில் வரைபடமாக வைத்திருந்தது அவருடைய பாட்டுகளை. ஏனென்றால் இந்த மனிதர் ஊர்ப்பெயர் சொல்லாமல் பாடத் தெரியாதவர்.

மெம்பிஸிலிருந்து தெற்கே 61-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தால், டூனிக்காவின் சூதாட்ட விடுதி விளம்பரப் பலகைகள் கொஞ்ச தூரம் துரத்தி வருகின்றன. அவை ஓய்ந்த பிறகு இரண்டு பக்கமும் மேசைபோல் தட்டையான நிலம். மிசிசிப்பி டெல்டா என்பது கடல் முகத்துவாரம் அல்ல. மெம்பிஸுக்கும் விக்ஸ்பர்க்குக்கும் இடையில், மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவே கிடக்கிற வண்டல் சமவெளி. ஆறு காலங்காலமாகப் புரண்டு படுத்துச் சேர்த்த மண். அதன் பெரும்பகுதி உள்நாட்டுப் போருக்குப் பிறகும் காடும் சதுப்புமாகத்தான் இருந்தது. மரத்தை வெட்டி, கரை போட்டு, பருத்தி நிலமாக மாற்றியவர்கள் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அவர்கள் பிள்ளைகளும். அந்தக் கடைசிக் காடு வெட்டும் காலத்தில்தான் ப்ளூஸ் இங்கே உருத்திரண்டது.

நான் போனது அக்டோபர், அறுவடை மும்முரம். பஞ்சு எடுக்கும் ராட்சத இயந்திரம் வயலில் நகர்ந்துகொண்டே, தன் வயிற்றுக்குள் பஞ்சைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறை போர்த்தி, பின்பக்கமாக உருளை உருளையாகப் போட்டுவிட்டுப் போகிறது. ஓர் உருளை ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. மஞ்சள் உறை, சில வயல்களில் இளஞ்சிவப்பு. ஓட்டுநர் ஒருவர் தவிர வயலில் ஆளே இல்லை. சாலை ஓரப் புல்லில் லாரியிலிருந்து பறந்த பஞ்சு அழுக்கு வெள்ளையாக ஒட்டிக் கிடக்கிறது. கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் தோட்டத்தில் 1944இல் முழு விளைச்சலையும் இயந்திரத்தாலேயே நட்டு எடுத்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஆள் எதற்கு? வேலை தேடி வடக்கே போகிறவர்களால் சிகாகோ ரயிலில் ஏற்கெனவே கூட்டம், இன்னும் கூடியது.

லூலா நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பாதிக் கடைகள் மூடிய ஒரு தெரு, ஒரு ரயில் தடம், பேட்டனும் இன்னொரு ப்ளூஸ் பாடகரான சன் ஹவுஸும் இங்கே இருந்தார்கள் என்று சொல்லும் பலகை. 1930இல் பெரும் வறட்சி. லூலாவின் கிணறுகள் வற்றியதைப் பேட்டன் பாட்டாக்கினார். உலகத்துச் சோகத்தையெல்லாம் பாடவில்லை. இந்த ஊர்க் கிணறு, இந்த ஊர் மனிதர்கள். பார்ச்மன் சிறைப் பண்ணையிலிருந்து வெளிவந்திருந்த சன் ஹவுஸ் இங்கேதான் அவருடன் சேர்ந்தார். அந்த மே மாதம் பேட்டன், ஹவுஸ், வில்லி பிரவுன், பியானோ வாசிக்கும் பெண்ணான லூயிஸ் ஜான்சன் ஆகியோர் ஒரே காரில் விஸ்கான்சின் மாநிலத்தின் கிராஃப்டன் ஊருக்குப் போனார்கள். வழியெல்லாம் சாராயம், சண்டை. பேட்டனோடு கிளம்பிய லூயிஸ், போய்ச் சேர்வதற்குள் ஹவுஸ் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று பின்னாளில் ஹவுஸே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

கிராஃப்டனில் ஒலிப்பதிவு செய்த பாரமவுண்ட் நிறுவனத்தின் முதலாளி யார் தெரியுமா? ஒரு நாற்காலிக் கம்பெனி. விஸ்கான்சின் சேர் கம்பெனி கிராமபோனுக்கு மரப்பெட்டி செய்து விற்றது. பெட்டி விற்க வேண்டுமானால் இசைத்தட்டு வேண்டுமே என்று தட்டும் போட்டது. மட்டமான அரக்கில் அடித்த தட்டுகள், வாங்கிய நாளிலேயே இரைச்சல். பேட்டனின் குரல் இன்று நம்மிடம் வந்து சேரும்போது எண்ணெய்ச் சட்டியில் எதையோ வறுக்கும் சத்தத்தோடு வருவதற்கு அதுதான் காரணம். மூலத் தகடுகள் எதுவும் மிஞ்சவில்லை. சில பாட்டுகளுக்கு உலகிலேயே ஓரிரு தட்டுகள்தான் எஞ்சியிருக்கின்றன. 1960களில் கேயில் டீன் வார்ட்லோ போன்றவர்கள் கறுப்பினத்தவர் குடியிருப்புகளில் வீடு வீடாகக் கதவு தட்டி, பழைய தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்கியதில் தப்பித்தவை பல.

கிராஃப்டன் பயணத்துக்கு முந்தைய ஆண்டு பேட்டன் முதல்முறை பதிவு செய்தது ஒரு கடைக்காரரால்தான். ஜாக்சன் நகரின் ஃபாரிஷ் தெருவில் இசைக்கடை வைத்திருந்த எச். சி. ஸ்பீர் என்ற வெள்ளையர், தன் வாடிக்கையாளர்கள் எதை வாங்குகிறார்கள் என்று நன்றாகத் தெரிந்தவர். பேட்டன் அவருக்குக் கடிதம் போட, அவர் நேரில் வந்து கேட்டுவிட்டு அனுப்பிவைத்தார். 1929 ஜூன் 14 அன்று, இண்டியானாவின் ரிச்மண்ட் ஊரில், ஒரே அமர்வில் 14 பாட்டுகள். ‘போனி ப்ளூஸ்’ நன்றாக விற்றது. அடுத்து ஒரு தட்டைப் பாடகர் பெயர் போடாமல், ‘முகமூடி அணிந்த அதிசய மனிதன்’ என்று வெளியிட்டு, யார் என்று கண்டுபிடித்தால் ஒரு தட்டு இலவசம் என்று விளம்பரம் செய்தார்கள். டெல்டாவில் அது போட்டியே அல்ல. அந்தத் தொண்டையை இங்கே யாருக்குத் தெரியாது?

கிளார்க்ஸ்டேலில் ஓர் இரவு தங்கினேன். பழைய சரக்கு ரயில் நிலையத்தில் டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாழ்ந்த மரக்குடிலையே பெயர்த்து உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் தெற்கே மெரிகோல்டு. பேட்டனின் ஒரு பாட்டு இங்கே குடித்ததற்காகப் பிடிபட்ட கதை. துணை ஷெரிஃப் டாம் ரஷிங் அதில் பெயரோடு வருகிறார், தட்டில் மட்டும் ‘ரஷன்’ என்று தப்பாக அச்சாகிவிட்டது. அமெரிக்கா முழுதும் மதுவிலக்கு இருந்த காலம். மிசிசிப்பியோ நாடு திருந்திய பிறகும் விடாப்பிடியாக 1966 வரை மதுவிலக்கை வைத்திருந்த மாநிலம். போலீஸ்காரரின் பெயரைச் சொல்லி ஒரு கறுப்பினத்தவர் பாடுவதும், அதை ஊர் வாங்கிக் கேட்பதும் சின்னத் துணிச்சல் அல்ல. நம் சந்தைகளில் காலணாவுக்கு விற்ற கொலைச்சிந்து, வெள்ளச்சிந்துப் புத்தகங்களை அறிந்தவர்களுக்கு இந்த முறை பிடிபடும்: நடந்தது என்ன, எந்த ஊரில், எந்த அதிகாரி. அழுகைக்குள் செய்தி.

மெரிகோல்டுக்கு வெளியே வயல் நடுவில் ‘போ மங்கீஸ்’ என்ற தகரக் கொட்டகை இருக்கிறது. சனிக்கிழமை ஆட்டம் பாட்டம் நடக்கும் ‘ஜூக்’ வீடுகளில் கடைசியாக மிஞ்சியவற்றில் ஒன்று. உரிமையாளர் வில்லி சீபெரி 2016இல் இறந்ததோடு அதுவும் மூடிவிட்டது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கிளீவ்லண்டில் மதியச் சாப்பாடு ஒரு பெட்ரோல் பங்கில். டெல்டாவுக்கே உரிய தமாலே: மசாலா போட்ட இறைச்சியைச் சோளமாவுக்குள் வைத்து, சோளக்கதிரின் மடலில் சுருட்டி, மூன்று மூன்றாக நூலால் கட்டி, காரக் குழம்பிலேயே வேகவைக்கிறார்கள். மடலைப் பிரித்தால் சிவந்த எண்ணெய் மணிக்கட்டு வரை வழிகிறது. முள்கரண்டியைத் தேடிய என்னைப் பார்த்து, கல்லாவில் இருந்த அம்மாள் ஓர் உப்பு பிஸ்கட் பொட்டலத்தைத் தள்ளினார். அதன்மேல் வைத்துக் கடிக்க வேண்டுமாம். பருத்தி எடுக்க வந்த மெக்சிகோத் தொழிலாளர்களிடமிருந்து கறுப்பினச் சமையலுக்கு வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இதற்கும் ஒரு பாட்டு உண்டு. ராபர்ட் ஜான்சன் பாடியிருக்கிறார்.

கிளீவ்லண்டிலிருந்து 8-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் டாக்கரி. சாலையிலிருந்தே தெரிகிறது, விதைக் கிடங்கின் நெற்றியில் எழுதியிருப்பது: டாக்கரி பண்ணை, நிறுவியது 1895, வில் டாக்கரி. பஞ்சரவை ஆலை, பழைய பெட்ரோல் நிலையம், பக்கத்தில் கலங்கலாக ஓடும் சன்ஃபிளவர் ஆறு. கூப்பிட்டால் கேட்க ஆள் இல்லை. ஒரு காலத்தில் இது தனி ராஜ்ஜியம். பல்லாயிரம் ஏக்கர், மருத்துவர், பள்ளி, தேவாலயம், தபால் நிலையம், கடை எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே, கடையில் செல்லுபடியாகத் தோட்டத்தின் சொந்த நாணயம். வாரக் குத்தகைக்காரன் விதையும் மளிகையும் கடனில் வாங்கி, ஆண்டு முடிவில் முதலாளியின் கணக்குப் புத்தகம் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வில் டாக்கரி மற்றவர்களைவிட நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர்தான். கணக்குப் புத்தகம் அவர் கையில் இருந்தது என்பதும் உண்மைதான்.

பேட்டன் பிறந்தது டெல்டாவில் அல்ல. தெற்கே, ஹிண்ட்ஸ் கவுண்டியில். பிறந்த ஆண்டு 1881, 1885, 1887 என்று ஆளுக்கொன்று சொல்ல, கல்லறைக் கல் 1891 ஏப்ரல் என்கிறது. கறுப்பும் வெள்ளையும் பூர்வகுடி ரத்தமும் கலந்த குடும்பம். தேவாலயப் பற்று மிகுந்த தந்தை பில் பேட்டன், நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் குடும்பத்தோடு டாக்கரிக்கு வந்தார். இங்கே ஹென்றி ஸ்லோன் என்ற மூத்த கிதார்காரர் பின்னாலேயே பையன் சுற்றினான். ஸ்லோன் வாசித்தது எதுவும் பதிவாகவில்லை. ஆக டெல்டா ப்ளூஸின் தகப்பன் என்று சொல்லப்படுகிறவருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார், அவர் குரல் நமக்கு இல்லை. பேட்டனிடமிருந்து வில்லி பிரவுன், டாமி ஜான்சன், பிறகு ஹவுலின் உல்ஃப். டாக்கரியிலேயே வளர்ந்த பாப்ஸ் ஸ்டேப்பிள்ஸ் சிறுவனாக அவரைக் கேட்டவர். பிசாசு எங்கேயும் குறுக்கிடவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் கடைத் திண்ணையில் பாட்டு தொடங்கும். இருட்டியதும் கூட்டம் பாலத்தைத் தாண்டி, ஒரு குத்தகைக்காரர் வீட்டுக்கு நகரும். கட்டில், மேசையெல்லாம் வெளியே போட்டு அறையைக் காலி செய்வார்கள். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கின் முன்னால் கண்ணாடிகளை நிறுத்தினால் வெளிச்சம் பெருகி இருட்டில் தூரத்திலிருந்தே தெரியும். ஆட வந்தவர்களின் காலடிச் சத்தத்தை மீறி, ஒலிபெருக்கி இல்லாமல், ஒற்றை ஆள் விடியும்வரை தாளமும் பாட்டும் கொடுக்க வேண்டும். பேட்டனின் வாசிப்பு ஏன் அப்படி இருக்கிறது என்பது எனக்கு இந்த இடத்தில் நின்றபோதுதான் உறைத்தது. நரம்பைச் சுண்டி விரல்பலகையில் அறைவது, கிதார் வயிற்றில் தட்டுவது, பாட்டுக்கு நடுவே வேறு குரலில் தனக்குத்தானே பேசிக்கொள்வது, சொல்லின் கடைசிப் பகுதியை விழுங்கிவிட்டுக் கிதாரை விட்டுச் சொல்லவைப்பது — எல்லாம் ஆடுகிற கூட்டத்துக்காக. ‘ஸ்பூன்ஃபுல்’ பாட்டில் ‘கரண்டி நிறைய’ என்ற சொல் வரவேண்டிய இடத்தில் பெரும்பாலும் கிதார் நரம்பின்மேல் வழுக்கும் ஸ்லைடுதான் அதைச் சொல்லும். கொக்கெயின் பற்றிய பாட்டு, பாதி சொல்லாமல் விடுவது வசதியும்கூட.

சின்ன உடம்புக்காரர். கிதாரைத் தலைக்குப் பின்னால் வைத்து வாசிப்பார், கால்களுக்கு இடையில் வைத்து வாசிப்பார். சன் ஹவுஸுக்கு இந்தக் கோமாளித்தனம் பிடிக்கவே இல்லை. நான் பேட்டன் கட்சி. வயலில் ஆறு நாள் குனிந்தவர்களுக்குச் சோகத்தை விளக்க ஒருவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். ஹவுலின் உல்ஃப் அந்த முரட்டுக் குரலையும் மேடை ஆட்டத்தையும் சிகாகோவுக்குக் கொண்டுபோனார். 1960இல் வில்லி டிக்சன் எழுதி அவர் பாடிய ‘ஸ்பூன்ஃபுல்’லை 1966இல் லண்டனின் கிரீம் குழு எடுத்துக்கொண்டது. ராக் ரசிகர்கள் பலர் டாக்கரிக்கு வந்து சேருவது அந்த வழியாகத் திரும்பித்தான்.

நல்ல மனிதரா என்றால், அப்படி யாரும் சான்றிதழ் தரவில்லை. குடி, பல திருமணங்கள், பெண்களிடம் கைநீட்டல். அதே ஆள் பக்திப் பாடல்களும் பாடினார். அவற்றில் ஒன்றுக்குத் தட்டில் ‘மூப்பர் ஜே. ஜே. ஹேட்லி’ என்று பெயர். வயல் வேலையைக் கூடியமட்டும் தவிர்த்தார், ஆனால் வயல் வேலை செய்தவர்களின் கூலிதான் அவருக்குச் சோறு. தோட்டம் இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமைக் கூட்டம் இல்லை. தோட்டக்காரர்களோ இதைக் கவனிக்கவே இல்லை. தன் வாழ்நாளின் கடைசியில் டாக்கரி மேலாளர் தன்னை வெளியே போகச் சொன்னதையும் பேட்டன் பாடி வைத்துவிட்டுப் போனார்.

டாக்கரியிலிருந்து பாயிலுக்குப் போன கிளை ரயிலுக்குப் பட்டாணிக்கொடி என்று பெயர், அத்தனை வளைவு. அதற்கும் பாட்டு. தண்டவாளம் இப்போது இல்லை. பெல்சோனி சிறைக்கும் ஒரு பாட்டு உண்டு. அதை அவர் பதிவு செய்தது 1934 தொடக்கத்தில், நியூயார்க்கில், மனைவி பெர்த்தா லீயோடு போனபோது. அதற்குள் கழுத்தில் கத்தி வெட்டு வாங்கிப் பிழைத்திருந்தார், இதயமும் கெட்டிருந்தது. ஏப்ரல் 28 அன்று இண்டியனோலா பக்கம் இறந்தார். காரணம் மைட்ரல் வால்வுக் கோளாறு. எந்தச் செய்தித்தாளிலும் வரவில்லை. இறப்புச் சான்றிதழில் பெர்த்தா லீயின் பெயர்கூட இல்லை.

ஹோலி ரிட்ஜ் கல்லறைத் தோட்டம் ஒரு பஞ்சரவை ஆலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் போனபோது ஆலை ஓடிக்கொண்டிருந்தது. காதடைக்கும் சத்தம், காற்றில் பஞ்சுத் தூசி. கல் நிமிர்ந்து நிற்கிறது. ‘மவுண்ட் சயான் நினைவு நிதி’ முயற்சி எடுக்க, பாடகர் ஜான் ஃபோகர்ட்டி பணம் கொடுத்து வைத்த கல். பேட்டனுடைய ஒரே புகைப்படத்தின் முகம் அதில் பொறித்திருக்கிறது. மிசிசிப்பி மாநிலம் ‘ப்ளூஸ் தடம்’ என்று ஊர் ஊராகப் பலகை நட ஆரம்பித்தபோது, 2006 டிசம்பரில் முதல் பலகை இங்கேதான் வந்தது. வில்லி ஃபாஸ்டர், ஏசி பெய்டன் என்று பின்னால் வந்த இரண்டு ப்ளூஸ்காரர்களும் இதே மண்ணில். கல்லின் மேல் வந்தவர்கள் வைத்துப்போன சில்லறைகளும், கிதார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகளும். மழையில் வில்லைகளின் நிறம் போயிருந்தது.

அங்கிருந்து கிரீன்வில் பக்கம்தான். 1927 ஏப்ரல் 21 அன்று கிரீன்வில்லுக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் ஆற்றுக்கரை உடைந்தது. அதுவரை துப்பாக்கி முனையில் மணல் மூட்டை சுமக்கவைக்கப்பட்டவர்கள் கறுப்பினத்தவர். எத்தனை பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அந்த ஆண்டு வெள்ளத்தில் 27,000 சதுர மைல் மூழ்கியது, ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஊரில் உள்ள சின்ன வெள்ள அருங்காட்சியகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன: இருபுறமும் தண்ணீர், நடுவே கரையின் ஒற்றை முதுகில் மைல் கணக்கில் கூடாரங்கள், மாடுகள், மனிதர்கள். இரண்டரை ஆண்டு கழித்து பேட்டன் தட்டின் இரண்டு பக்கமும் நிரப்பிப் பாடிய ‘ஹை வாட்டர் எவ்ரிவேர்’ இந்த வெள்ளத்தைப் பற்றித்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். வெள்ளம் அதற்குள் அடங்காது. லீலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க் என்று தண்ணீர் எட்டிய ஊர்களாக அடுக்கிக்கொண்டே போகிறார். கால் தரையில் அடிக்கும் சத்தம் கேட்கிறது. பாப் டிலன் 2001இல் வெள்ளத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதி அதை பேட்டனுக்கே காணிக்கையாக்கினார்.

பேட்டனின் வெள்ளப் பாட்டில் ஓரிடத்தில், மேட்டு நிலத்துக்குப் போயிருப்பேன், வழியை அடைத்துவிட்டார்கள் என்று வருகிறது. பலமுறை கேட்டும் அதை வெள்ளம் மறித்தது என்றே எடுத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்தில் நின்றால் வேறு பொருளும் கிடைக்கிறது. வெள்ளைப் பெண்களும் குழந்தைகளும் படகுகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கறுப்பினத்தவரையும் அனுப்பலாம் என்று நிவாரணக் குழுத் தலைவர் வில் பெர்சி நினைத்தார். போனவர்கள் திரும்ப மாட்டார்கள், பருத்திக்கு ஆள் இருக்காது என்று தோட்டக்காரர்கள் தடுத்தார்கள், அவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர். காலிப் படகு கிளம்பிப் போனது. கரையில் இருந்தவர்கள் உடுப்பில் அட்டை தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் முகாமை விட்டு நகர முடியாது, தேசியக் காவல்படை நின்றது.

மேட்டு நிலம் அப்படி ஒன்றும் தூரமில்லை. மறுநாள் காலை 82-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பி, இண்டியனோலா, கிரீன்வுட் கடந்தேன். கிரீன்வுட்டுக்கு அப்பால் சாலை சட்டென்று எழும்பி மரங்களுக்குள் நுழைகிறது. ஒன்றேகால் மணி நேரப் பயணம். வழியில் என்னை யாரும் நிறுத்தவில்லை.